காற்றில் ஆடும் தராசு

(ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதம் இதே மண்டபத்தில் புள்ளியியலைப் பற்றிப் பொதுவாகச் சில வார்த்தைகள் பேசி முடித்து நான் மேடையை விட்டு இறங்கிய சமயம், பின்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மையார் எழுந்து வந்து, கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்து, "ஐயா, என் பையன் ஜிமேட் எழுதியிருக்கிறான், 635 வந்திருக்கிறது, அவன் சேர ஆசைப்படுகிற கல்லூரியில் 645 என்று போட்டிருக்கிறார்கள், அந்தப் பத்து மார்க்கு எங்கே போயிற்று என்று பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். நின்ற நிலையில் விடை சொல்லக்கூடிய கேள்வியாக அது எனக்குத் தோன்றவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் அதைப் பற்றியே பேசுகிறேன் என்று வாக்களித்தேன். இன்று நான் இங்கே நிற்பது அந்த வாக்கைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

அந்த அம்மையாரின் கேள்வி நம் வீடுகளில் மூன்று தலைமுறைகளாகக் கேட்டு வருகிற கேள்வி. கணக்கில் 98 வாங்கி வந்த பையனைப் பார்த்து, "அந்த இரண்டு எங்கே?" என்று கேட்காத வீடு நம் தெருவில் உண்டா? மார்க்கு என்பது எண்ணிக்கை என்றும், சரியான விடைக்கு ஒன்று கூடும், தவறான விடைக்கு ஒன்று போகும் என்றும், ஆகவே போனது எங்கே போனது என்று விடைத்தாளைப் புரட்டினால் கண்டுபிடித்துவிடலாம் என்றும் நாம் பழகியிருக்கிறோம். எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் கொடுக்கும் பரீட்சைக்கு அந்தப் பழக்கம் முற்றிலும் பொருந்தும். ஆனால் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு கேள்வியைக் கொடுத்து, நீங்கள் சொன்ன விடையைப் பார்த்த பிறகே அடுத்த கேள்வி எது என்று தீர்மானிக்கிற பரீட்சை ஒன்று இருக்குமானால், அங்கே சரியான விடைகளை எண்ணுவதில் பொருளே இல்லை. அத்தகைய பரீட்சைக்குத் தகவமைவுத் தேர்வு என்று பெயர். அமெரிக்க வணிக மேலாண்மைக் கல்லூரிகளின் சேர்க்கைக்காக 1954இல் காகிதமும் பென்சிலுமாகத் தொடங்கி, 1976இல் ஜிமேட் என்ற இப்போதைய பெயரைப் பெற்று, 1997இல் கணினிக்குக் குடிபெயர்ந்த பரீட்சை இந்த வகையைச் சேர்ந்தது. நம் நாட்டு இந்திய மேலாண்மைக் கழகங்களின் 'கேட்' பரீட்சையும் 2009 முதல் கணினியில்தான் நடக்கிறது என்றாலும், அது இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. தகவமைவுத் தேர்வின் ஆங்கிலச் சுருக்கமும் அதே மூன்றெழுத்தாக அமைந்துவிட்டதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

இந்தத் தேர்வின் உட்கருத்தை விளங்கிக்கொள்ள நாம் காய்கறிச் சந்தைக்குப் போனால் போதும். எடை தெரியாத ஒரு பூசணித் துண்டைத் தராசின் ஒரு தட்டில் வைத்த வியாபாரி, மறுதட்டில் முதலில் ஒரு கிலோப் படிக்கல்லை வைக்கிறார். கல் இருக்கும் தட்டு தாழ்கிறது. அதை எடுத்துவிட்டு அரைக் கிலோவை வைக்கிறார். இப்போது பூசணி தாழ்கிறது. அரைக் கிலோவோடு இருநூறு கிராமைச் சேர்க்கிறார். முள் நடுவுக்கு வருகிறது. ஒவ்வொரு கல்லையும் அவர் எடுப்பது முந்திய கல் என்ன சொல்லிற்று என்பதைக் கேட்டுக்கொண்டுதான். பத்து கிராமிலிருந்து ஐந்து கிலோ வரை தம்மிடமுள்ள கல் அத்தனையையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, எத்தனை கல்லைப் பூசணி வென்றது என்று எண்ணிச் சொல்லும் வியாபாரியை நாம் பார்த்ததில்லை. ஆனால் பொதுவான வினாத்தாள் செய்வது ஏறக்குறைய அதையேதான்: கெட்டிக்காரப் பெண்ணிடம் அவள் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய கணக்குகளை இருபது கேட்கிறது, தடுமாறுகிற பையனிடம் அவன் எந்த நாளும் தொட முடியாத கணக்குகளை இருபது கேட்கிறது, இரண்டு பேரிடமும் அந்த இருபதால் தெரிந்துகொண்டது ஏதும் இல்லை.

இந்த யோசனை கணினியோடு பிறந்ததன்று. பாரிஸ் நகரத்தில் ஆல்ஃபிரட் பினே என்ற அறிஞர், பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளை அடையாளம் காண்பதற்காக 1905இல் வகுத்த பரீட்சையை 1908இல் திருத்தி, கேள்விகளை வயதுவாரியாக அடுக்கினார். குழந்தையின் எதிரில் உட்கார்ந்த பரீட்சகர், அக்குழந்தை முழுவதும் விடை சொல்லக்கூடிய படியைக் கண்டு, அங்கிருந்து மேலே மேலே சென்று, ஒன்றுக்குமே விடை வராத படியில் நிறுத்திக்கொள்வார். ஒரு குழந்தைக்கு ஒரு பரீட்சகர் இருக்கிற வரையில் அது நடக்கும். முதல் உலகப் போரில் அமெரிக்கா புகுந்தபோது ஏறத்தாழ 17 லட்சம் படைவீரர்களைச் சோதிக்க வேண்டியிருந்தது. அத்தனை பேருக்கு எதிரில் உட்காரப் பரீட்சகர் கிடைப்பாரா? அச்சடித்த ஒரே வினாத்தாளும், கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்து குறிக்கிற முறையும் அப்போது பரவியவை. அடுத்த முக்கால் நூற்றாண்டு அவையே கோலோச்சின. கணினி மலிவான பிறகு, பினேயின் காலத்துப் பரீட்சகர் திரும்பி வந்து மாணவனுக்கு எதிரில் உட்கார்ந்தார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

ஆனால் தராசு உவமையில் ஒரு குறை இருக்கிறது. அந்தக் குறையில்தான் விஷயமே இருக்கிறது. பூசணித் துண்டு அரைக் கிலோவைவிடக் கனமானால் எத்தனை முறை வைத்தாலும் தாழும். மனிதன் அப்படியல்ல. தெரிந்த கணக்கில் கூட்டல் பிழை செய்கிறான். தெரியாத கணக்கில் குருட்டாம்போக்காக ஒன்றைக் குறித்துப் பலித்துவிடுகிறது. ஆகவே நம் தராசைக் கடற்கரையில், காற்றில் ஆடும்படி தொங்கவிட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரு தட்டுகளின் எடையும் வெகுவாக வேறுபட்டிருக்கும்போது காற்றால் ஒன்றும் செய்ய முடியாது. சமநிலையை நெருங்க நெருங்கத்தான், ஒரு முறை இப்பக்கம், மறு முறை அப்பக்கம் என்று தட்டு தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றமே எடையை நெருங்கிவிட்டோம் என்பதற்கு அடையாளம்.

என் அண்ணன் மகள் சில வருஷங்களுக்கு முன்னால், பழைய அமைப்பு நடைமுறையில் இருந்தபோது, சென்னையில் இந்தப் பரீட்சையை எழுதினாள். வெளியே காத்திருந்த என்னிடம் வராமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒன்றைச் சரியாகப் போட்டால் அடுத்தது தலையில் இடிக்கிறது, சித்தப்பா. பாதிக்குப் பாதி தெரியவில்லை. இதற்கா எட்டு மாதம் படித்தேன்?" என்றாள். கண்களில் நீர் கோத்திருந்தது. அவள் கையில் பரீட்சை மையத்தில் கொடுத்த தாள் இருந்தது, வாங்கிப் பார்த்தேன். 720 என்று இருந்தது. நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு மேல் எட்டாத எண் அது. அதைக் கையில் வைத்துக்கொண்டே அவள் அழுதாள். பள்ளியிலும் கல்லூரியிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியாக எழுதிப் பழகிய குழந்தைக்கு, பாதி தவறுவதே தன் நிறையை இயந்திரம் கண்டுகொண்டதற்கு அடையாளம் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. புள்ளியியல் வாத்தியாராகிய நானும் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. இந்த உரையின் பெரும்பகுதி உண்மையில் அவளுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியது.

சரி, பாதிதான் தவறுகிறது, எல்லோருக்கும் ஏறக்குறைய அப்படித்தான் என்றால், ஒருவருடைய ஸ்கோருக்கும் இன்னொருவருடைய ஸ்கோருக்கும் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? எந்தக் கல்லுக்கு எதிரில் தட்டு தடுமாறிற்று என்பதிலிருந்து வருகிறது. இங்கே இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் அமைந்த கல்விச் சோதனை நிறுவனத்தில் பணியாற்றிய ஃபிரெடரிக் லார்ட் 1952இலும், டென்மார்க்கைச் சேர்ந்த கணித அறிஞர் கியோர்க் ராஷ் 1960இலும் வெளியிட்ட நூல்களில், மாணவனின் திறனையும் கேள்வியின் கடினத்தையும் ஒரே அளவுகோலில் வைக்கிற கருத்தை வளர்த்தார்கள். இதன் அருமை உடனே புலப்படாது. பூசணியையும் படிக்கல்லையும் ஒரே தராசில் வைக்க முடிவதற்குக் காரணம், இரண்டுக்கும் எடை என்ற ஒரே குணம் இருப்பதுதான். கேள்விக்கும் மாணவனுக்கும் அப்படி ஒரு பொதுக்குணத்தை ஏற்படுத்தியது இவர்களுடைய காரியம். ராஷின் சூத்திரப்படி, மாணவனின் திறனும் கேள்வியின் கடினமும் ஒத்திருந்தால், அவன் சரியாக விடை சொல்லும் வாய்ப்பு 100க்கு 50. திறன் ஓர் அலகு மிஞ்சியிருந்தால் 73. இரண்டு அலகு மிஞ்சியிருந்தால் 88. ஓர் அலகு குறைந்திருந்தால் 27.

ஆலன் பர்ன்பாம் என்பவர் 1968இல் இந்தக் கணக்கை இன்னும் விரிவாக்கினார். கடினத்தோடு கூட, கேள்வி ஒவ்வொன்றுக்கும் வேறு இரண்டு குணங்கள் உண்டு என்பது அந்த விரிவு. ஒன்று, தெரிந்தவனையும் தெரியாதவனையும் பிரித்துக் காட்டும் கூர்மை. மழுங்கிய கேள்விக்கு இருவரும் ஒரே மாதிரி விடை சொல்லிவிடுவார்கள். மற்றொன்று, ஒன்றும் தெரியாதவனுக்கும் ஊகத்தால் பலிக்கும் அளவு. ஐந்து விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டிய கேள்வியில், அந்த அளவு சுமார் ஐந்தில் ஒன்று. அப்போது திறனும் கடினமும் ஒத்திருக்கிற இடத்தில் வாய்ப்பு 50லிருந்து 60க்கு ஏறும். ஆகவே என் அண்ணன் மகள் பாதி என்று எண்ணியது, கொஞ்சம் கூடுதலாகவே இருந்திருக்கும்.

இனி, இயந்திரம் எப்படித் தீர்மானிக்கிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஊகத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம். ஒரு மாணவன் கீழ்ப்படியில் இருக்கலாம், நடுப்படியில் இருக்கலாம், மேற்படியில் இருக்கலாம். படிக்குப் படி ஓர் அலகு இடைவெளி. அவனைப் பற்றி ஒன்றுமே தெரியாதபோது மூன்றுக்கும் சரிபங்கு நம்பிக்கை வைக்கிறோம். நடுப்படிக் கடினமுள்ள கேள்வி ஒன்றைக் கொடுக்கிறோம், சரியாகச் சொல்லிவிடுகிறான். அவன் கீழ்ப்படியானாக இருந்தால் இது நடக்கும் வாய்ப்பு 27, நடுப்படியானால் 50, மேற்படியானால் 73. இந்த மூன்று எண்களின் விகிதத்திலேயே நம் நம்பிக்கையைத் திருத்திக்கொண்டால், நூற்றுக்குக் கீழ்ப்படி 18, நடுப்படி 33, மேற்படி 49 என்று ஆகிறது. மேலே சாய்ந்துவிட்டதால் அடுத்து மேற்படிக் கடினமுள்ள கேள்வியைக் கொடுக்கிறோம், தவறிவிடுகிறான். கீழ்ப்படியான் அதில் தவறும் வாய்ப்பு 88. நடுப்படியான் தவறுவது 73. மேற்படியானும் தவறுவது 50. முன்பிருந்த நம்பிக்கையோடு இவற்றைப் பெருக்கி மறுபடியும் நூற்றுக்குக் கணக்கிட்டால், கீழ்ப்படி 24, நடுப்படி 38, மேற்படி 38. நடுவும் மேலும் சரிசமமாகிவிட்டன! அப்படியானால் அவன் அந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கிறான் என்று கொண்டு, மூன்றாவது கேள்வியை அரைப்படி உயரத்தில் எடுக்கிறோம். கணினி செய்வது இதையேதான்; மூன்று படிகளுக்குப் பதிலாகத் தொடர்ச்சியான ஓர் ஏணியில், இரண்டு கேள்விகளுக்குப் பதிலாக இருபது, இருபத்துமூன்று கேள்விகளில் செய்கிறது.

நம் தருக்க நூலார் அறிவுக்குச் சொன்ன வழிகளில் காட்சி, கருதல் என்று இரண்டு உண்டு. மலையில் புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவது அவர்களுடைய பழைய உதாரணம். சரியான விடைகளை எண்ணிச் சொல்லும் மார்க்கு காட்சியின்பாற்பட்டது. ஜிமேட் தரும் எண்ணோ, புகையைப் பார்த்துச் சொன்ன நெருப்பு, அது அனுமானம். அனுமானத்தில் கொஞ்சம் கூடுதலும் குறைவும் எப்போதும் உண்டு. எவ்வளவு உண்டு என்பதைச் சொல்லாமல் அனுமானத்தை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

அந்த அளவைச் சொல்லும் கணக்கில் நம் நாட்டவர் ஒருவருக்கு அழியாத பங்கு உண்டு. 1945இல், இருபத்தைந்து வயது இளைஞராகக் கல்கத்தாவில் இருந்த சி. ஆர். ராவ், ஒருபக்கம் சாயாத எந்த மதிப்பீட்டின் சிதறலும் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இறங்க முடியாது என்பதையும், நம்மிடமுள்ள தகவலின் அளவே அந்த எல்லையைத் தீர்மானிக்கிறது என்பதையும் நிறுவினார். ராஷின் சூத்திரத்தில் ஒரு கேள்வி தரும் தகவல், அதன் கடினம் மாணவனின் திறனோடு ஒத்திருக்கும்போது உச்சத்தை அடைகிறது; மூன்று அலகு விலகிய கேள்வி தருவது அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பொருந்திய ஒரு கேள்வி, பொருந்தாத ஐந்து கேள்விகளுக்கு மேல் பேசுகிறது. நூறு கேள்வி வேண்டியிருந்த இடத்தில் அதில் பாதியைக் கொண்டே காரியத்தை முடிக்க முடிவதன் ரகசியம் இதுதான். ஆனால் ரகசியத்துக்கும் எல்லை உண்டு. பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் தகவலை நான்கு மடங்காக்க வேண்டும். ஜிமேட்டின் இரண்டேகால் மணி நேரத்தில், கணக்கில் 21, மொழியில் 23, தரவு நுண்ணறிவில் 20 ஆக 64 கேள்விகளை வைத்துக்கொண்டு எந்த இயந்திரமும் ஒரு மனிதனை மயிரிழை பிசகாமல் அளந்துவிட முடியாது. இயந்திரத்தைச் செய்தவர்கள் அப்படிச் சொன்னதும் இல்லை.

இங்கே இளைஞர்களுக்கு ஒரு விஷயத்தை வற்புறுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். முதல் பத்துக் கேள்விகளில்தான் தலையெழுத்து இருக்கிறது, அவற்றில் எவ்வளவு நேரம் செலவானாலும் தவறக்கூடாது என்ற உபதேசம் வகுப்புக்கு வகுப்பு, வாய்க்கு வாய் பரவியிருக்கிறது. ஆரம்பத்தில் மதிப்பீடு பெரிய பெரிய தாவல்களாக ஏறி இறங்குவது மெய்தான். அப்போது இயந்திரத்துக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது; அந்தத் தாவலின் அளவு அதன் அறியாமையின் அளவே ஒழிய, அந்தக் கேள்வியின் கனம் ஆகாது. கடைசியில் ஸ்கோர் கணக்கிடும்போது எல்லா விடைகளின் சாட்சியத்தையும் பெருக்கித்தான் பார்க்கிறது; பெருக்கலில் முன் பின் என்ற பேதம் இல்லை. முதல் கேள்வியில் தவறிய கெட்டிக்காரனுக்கு அடுத்தடுத்து எளிய கேள்விகள் வரும். அவற்றைச் சரியாகச் சொல்லிக்கொண்டே அவன் தன் உயரத்துக்கு ஏறிவிடுவான். பொருந்தாத உயரத்தில் சில கேள்விகள் வீணாயின என்ற அளவுக்குத்தான் நஷ்டம். முதல் பத்தில் நேரத்தைக் கொட்டிவிட்டுக் கடைசி ஐந்தைத் தொடாமலே விட்டவனுக்கோ, முடிக்காததற்கென்று ஸ்கோரில் தனியே குறைக்கிறார்கள். அந்தக் குழியிலிருந்து ஏற அவனுக்குக் கேள்வி மிச்சம் இல்லை. சொன்ன விடையைத் திரும்பிப் பார்க்கவே முடியாது என்ற பழைய விதியும் இப்போது தளர்ந்திருக்கிறது: 2023 நவம்பரில் வந்த புதிய அமைப்பில், ஒவ்வொரு பகுதியிலும் மூன்று விடைகள் வரை மாற்றிக்கொள்ளலாம்.

படிக்கல்லின் எடையை யார் நிறுத்துச் சொன்னார்கள் என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கும். ஒரு கேள்வி கடினமா எளிதா என்று அதை எழுதிய பேராசிரியர் சொன்னால் போதாது. பேராசிரியர்கள் இதில் அடிக்கடி ஏமாறுகிறவர்கள். நானே வெகு எளிது என்று எண்ணிக் கொடுத்த கணக்கில் வகுப்பு முழுவதும் விழுந்ததுண்டு. மாணவர்கள் எழுதிப் பார்த்துத்தான் கேள்வியின் எடை தெரிய வேண்டும். அதற்காக, இத்தகைய பரீட்சைகளில் ஸ்கோரில் சேராத சில புதிய கேள்விகளை மற்றக் கேள்விகளோடு கலந்து வைத்துவிடுகிறார்கள். எது அது என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. தமக்கு ஒரு பயனும் இல்லாத கேள்வியில் மூன்று நிமிஷம் வியர்வை சிந்துவது அநியாயம் என்று சிலர் கோபிப்பதை நான் கேட்டிருக்கிறேன். நான் அதைக் கடன் என்று பார்க்கிறேன். உங்களைச் சரியாக நிறுத்த அத்தனை கற்களும், உங்களுக்கு முன்னே ஊர் பேர் தெரியாத யாரோ சிலர், தமக்குக் கணக்கில் சேராத கேள்வியென்று அறியாமலே மனமூன்றி எழுதியதால் எடை குறிக்கப்பட்டவை. நீங்கள் எழுதிவிட்டுப் போகிற கல்லில் நாளை இன்னொருவரை நிறுப்பார்கள்.

இந்தக் கற்கள் களவு போகவும் செய்தன. அமெரிக்க முதுநிலைப் படிப்புகளின் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. பரீட்சை கணினிக்கு மாறிய புதிதில், 1994இல், ஒரு பயிற்சி நிறுவனத்தார் தங்கள் ஆட்களையே அனுப்பி எழுதச் செய்து, அவர்கள் மனப்பாடமாகக் கொண்டுவந்த கேள்விகளை அடுக்கிக் காட்டி, இந்த ஏற்பாட்டின் பலவீனத்தை அம்பலப்படுத்தினார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. 2002இல் சீனா, கொரியா, தைவான் ஆகிய இடங்களில் கேள்விகள் வெளியாகிவிட்டன என்று கண்டு, அங்கே மட்டும் ஜி.ஆர்.இ. பொதுத் தேர்வைத் திரும்பவும் காகிதத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரே கல்லை ஓயாமல் எடுத்தால் அது விரைவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே, மிகப் பொருத்தமான கேள்வியையே எப்போதும் எடுக்காமல், பொருத்தமான சிலவற்றுள் ஒன்றைக் குலுக்கி எடுப்பது என்று ஒரு விதியும், கணக்கிலும் மொழியிலும் எல்லாத் தலைப்புகளும் உரிய அளவில் வர வேண்டும் என்று மற்றொரு விதியும் இயந்திரத்துக்கு உண்டு. அதனால்தான் சொல்கிறேன்: கேள்வி திடீரென்று எளிதாகத் தோன்றினால், நாம் போன கேள்வியில் தவறிவிட்டோம் என்று பரீட்சை நடுவே மனம் ஒடிந்து போகாதீர்கள். அது எண்ணப்படாத கேள்வியாக இருக்கலாம். தலைப்புக்காக வந்ததாக இருக்கலாம். மற்றவர்களுக்குக் கடினமாகி உங்களுக்கு எளிதானதாகவும் இருக்கலாம்.

கேள்விக்குக் கேள்வி மாறாமல், பகுதிக்குப் பகுதி மாறுகிற வகையும் உண்டு. ஜி.ஆர்.இ. 2011 ஆகஸ்டு முதல் அப்படித்தான்: முதற்பகுதியில் செய்ததைப் பொறுத்து இரண்டாம் பகுதியின் கடினம் அமைகிறது, பகுதிக்குள் முன்னும் பின்னும் போய் வரலாம். அமெரிக்கக் கல்லூரிகளின் இளநிலைச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி.யும் வெளிநாடுகளில் 2023இலும், அமெரிக்காவிலேயே 2024இலும் இம்முறைக்கு வந்துவிட்டது. அங்கே எளிய இரண்டாம் பகுதிக்குச் சென்றவர் அதில் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் ஓர் உயரத்துக்கு மேல் போக முடியாது. சிறிய கற்களால் பெரிய பாரத்தை நிறுக்க முடியாது என்பதைத் தவிர அதில் வேறு மர்மம் இல்லை.

செவிலியர் பணிக்கு அமெரிக்கா செல்லும் நம் பெண்கள் எழுதுகிற என்கிளெக்ஸ் சேர்க்கைப் பரீட்சை அன்று. ஆயினும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் மற்றது தெளிவாகும். அங்கே கேட்பது ஒரே ஒரு விஷயம்: இவர் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா, கீழா? நூற்றுக்கு 95 பங்கு உறுதி வந்தவுடன் இயந்திரம் நின்றுவிடும். குறைந்தது 85 கேள்வி. 150க்கு மேல் இல்லை. 85இல் நின்றுவிட்டதே என்று பதறுகிறவர்கள் உண்டு. மேலே என்று உறுதியானாலும் அங்கேதான் நிற்கும், கீழே என்று உறுதியானாலும் அங்கேதான் நிற்கும். ஜிமேட்டில் அப்படி உறுதி வரும் வரை கேட்பதில்லை. எல்லோருக்கும் குறித்த எண்ணிக்கையில் கேள்விகள் முடிந்துவிடும். அப்போது மிச்சமிருக்கிற சந்தேகத்தோடு ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்கள்.

அந்த எண்ணுக்கு வருவோம். மூன்று பகுதிகளுக்கும் தனித்தனியே 60 முதல் 90 வரை ஸ்கோர் உண்டு. மூன்றையும் சரிநிறையாகச் சேர்த்து, 205 முதல் 805 வரை ஒரு மொத்த ஸ்கோர். பழைய அமைப்பில் எல்லா எண்ணும் பூஜ்யத்தில் முடிந்தது. குழப்பம் வராமல் இருக்கட்டும் என்று புதியதில் எல்லா எண்ணையும் ஐந்தில் முடித்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே அளவுகோல் என்று நினைத்துவிடக்கூடாது. புதிய 645, பழைய 700க்கு ஏறத்தாழ ஈடு. பெர்சென்டைல் என்று பக்கத்தில் போடுகிற எண் உங்கள் திறனைப் பற்றியதே அன்று. அண்மை ஆண்டுகளில் எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் உங்களுக்குக் கீழே நின்றார்கள் என்பதைச் சொல்வது. நீங்கள் அப்படியே இருக்க, எழுத வருகிற கூட்டம் மாறினால் அந்த எண் மாறிவிடும்.

205, 215, 225 என்று போகிற இந்த ஏணியில் மொத்தம் 61 படிகள். 635க்கும் 645க்கும் இடையே உள்ளது ஒரே ஒரு படி. அந்த அளவுகோலில் அதைவிடச் சிறிய வித்தியாசம் என்பதே கிடையாது. பழைய ஸ்கோரின் அளவீட்டுப் பிழை 30 முதல் 40 புள்ளிகள் என்று பரீட்சையை நடத்துகிறவர்களே அறிவித்திருந்தார்கள். ஒரே பையன், ஒரே படிப்போடு, நேற்று எழுதாமல் இன்று எழுதியிருந்தால் மூன்று நான்கு படி மேலேயோ கீழேயோ நின்றிருக்கக்கூடும் என்பது அதன் பொருள். ஒரு சேர்க்கை அதிகாரி, 640க்கு ஒரு கோடு கிழித்து, மேலே நின்றவனை அழைத்துக் கீழே நின்றவனை விலக்கினால், அவர் திறனையா பிரித்தார்? அந்த இடத்தில் காற்று எந்தப் பக்கம் வீசிற்று என்பதை வைத்துப் பிரித்தார். எண்பது வருஷங்களுக்கு முன்னமே கல்கத்தாவில் ஒருவர் நிறுவிக் காட்டிய எல்லையை, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கனவைத் தீர்மானிக்கிறவர்கள் மறந்து காரியம் செய்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கருவியின் மேல் எனக்குக் குறை இல்லை; பல படி அகலமுள்ள இடத்தை ஒரே படியாகப் படிப்பவர்கள்மேல்தான் குறை.

அம்மா, நீங்கள் இன்றும் வந்திருக்கிறீர்கள். மூன்றாவது வரிசையில் உங்களைப் பார்க்கிறேன். உங்கள் பத்து மார்க்கு எங்கும் போகவில்லை. அது ஒருபோதும் தனியாக இருந்ததில்லை. கூட்டம் தொடங்குமுன் அந்தக் கல்லூரியின் அறிவிப்பை நீங்கள் காட்டினீர்கள். நிதானமாகப் படித்துப் பார்த்தேன். 645க்குக் கீழே விண்ணப்பிக்கக் கூடாது என்று அதில் இல்லை. சென்ற ஆண்டு சேர்ந்தவர்களை ஸ்கோர்வாரியாக வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்பவருடைய ஸ்கோர் அது என்றுதான் இருக்கிறது. அப்படியானால் அங்கே படிக்கிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதற்குக் கீழே நின்று சேர்ந்தவர்கள். இன்னொரு முறை எழுதச் சொல்லட்டுமா என்று கேட்டீர்கள். ஒருமுறை எழுதியவர் மறுமுறை எழுத 16 நாள் இடைவெளி வேண்டும் என்று விதி. அந்த நாட்கள் கழிந்துவிட்டன, எழுதத் தடை இல்லை. ஆனால் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை. அதில் இரண்டு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். ஒன்றைத்தான் தம்பி எழுதியிருக்கிறான் என்று சொன்னீர்கள். மற்றதை இந்த ஐந்து நாளில் எழுதச் சொல்லுங்கள். முடித்ததும் வீட்டுக்கே வந்து காட்டச் சொல்லுங்கள். காலையில் பத்து மணிக்கு மேல் நான் எங்கும் போவதில்லை.